வைத்தியசாலைப் பதிவேடும் இருதயப் படமும்

ஒல்லாந்தர் ஆட்சியிலே யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட தோம்புகள் வரி தண்டுவதற்கென எழுந்தவை. அவற்றை எழுதிய கணக்கப்பிள்ளைமார் பிற்காலத்து வரலாற்றாசிரியரை மனத்திற் கொண்டு எழுதினாரல்லர். ஆயினும், இன்று நிலவுரிமையையும் குடிவழியையும் ஆராயப் புகுவோர் முதலில் நாடுவது அவற்றையே. பிறிதொரு தேவைக்காக எழுதப்பட்ட ஆவணம் தன்னை அறியாமலே சான்று பகரும் என்பது வரலாற்றுத் துறையில் நெடுநாளாக அறியப்பட்ட உண்மை. அத்தகைய ஆவணம் எழுதியவனது நோக்கத்தையும் தன்னுள்ளே கொண்டிருக்கும் என்பதும், அந்நோக்கத்தைப் பிரித்தறியாதவன் ஏமாறுவான் என்பதும் அதனோடு சேர்ந்த உண்மைகளாம்.

வைத்தியசாலையில் நாள்தோறும் எழுதப்படும் பதிவுகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. நோயாளியின் வயது, வந்த நேரம், கூறிய குறை, செய்த பரிசோதனை, கொடுத்த மருந்து, வீடு சென்ற நாள் அல்லது இறந்த நாள் என்பன அங்கே குறிக்கப்படுகின்றன. அடுத்த முறைக்கு வரும் தாதி அறிவதற்காகவும், அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டுவதற்காகவும், சில நாடுகளிற் காப்புறுதிக் கம்பனியிடம் பணம் பெறுவதற்காகவும் அவை எழுதப்படுகின்றன. இப்பதிவுகளைக் கொண்டு ஒரு சிகிச்சை நன்மை தருமா, தராதா என்று துணியலாமா? குறிப்பாக, நெஞ்சு நோவென்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடிவரும் ஒருவருடைய இருதயத்தைப் படம் பிடித்துப் பார்ப்பதனால் அவர் உயிர் காக்கப்படுகின்றதா என்ற வினாவுக்கு இவை விடை பகருமா? இவ்வினா நம் காலத்தது. ஆயின், அதனை வினவும் முறைக்கு ஏறத்தாழ இருநூறாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாதார் பதிவேட்டைப் படிக்கத் தெரியாதார் என்பதே ஈண்டு நாம் காட்டப் புகுவது.

கதை பாரிசு நகரிலே தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே புருசே என்னும் வைத்தியரின் கொள்கை மேலோங்கி நின்றது. பெரும்பாலான நோய்களுக்கு அழற்சியே காரணம் என்றும், அட்டை விட்டுக் குருதியை வெளியேற்றுவதே மருந்து என்றும் அவர் போதித்தார். 1833 ஆம் ஆண்டில் மட்டும் பிரான்சு தேசம் நான்கு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது எனின் அக்கொள்கையின் செல்வாக்கு விளங்கும். அவ்வேளையிலே ஷரித்தே வைத்தியசாலையிற் பல ஆண்டுகள் ஊதியத்தை நாடாது விடுதிகளிற் சுற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் லூயி என்பவர் (1787-1872). தாம் எடுத்த குறிப்புக்களிலிருந்து நியுமோனியாக் காய்ச்சலால் வருந்திய 77 பேரைத் தெரிந்தெடுத்து, குருதி வடித்த நாளைக் கொண்டு அவர்களை இரு வகுப்பாக்கினார். நோய் தொடங்கி முதல் நான்கு நாளுள் குருதி வடிக்கப்பட்டோர் 41 பேர். அவருள் 18 பேர் இறந்தனர். ஐந்தாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரையிற் குருதி வடிக்கப்பட்டோர் 36 பேர்; அவருள் 9 பேரே இறந்தனர். முந்திச் செய்தாற் பெரும்பயன் என்று ஆசிரியர்கள் கூறிய சிகிச்சை, முந்திச் செய்யப்பட்டவரிடத்தே கூடிய மரணத்தைக் காட்டிற்று.

1828 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாகவும் 1835 ஆம் ஆண்டில் ஒரு நூலாகவும் லூயி இதனை வெளியிட்டார். எண்ணிப் பார்ப்பது வைத்தியம் ஆகாது, ஒவ்வொரு நோயாளியும் தனித்தன்மை உடையவன் என்று எழுந்த எதிர்ப்பு 1837 ஆம் ஆண்டில் பாரிசு வைத்தியக் கழகத்திலே பெரிய வாதமாக நிகழ்ந்தது. எதிர்த்தோர் கூறியது முற்றும் பேதைமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் லூயியின் கணக்கிலே அவர்கள் கண்டுபிடியாத குறையொன்று உண்மையாகவே இருந்தது. ஐந்தாம் நாளிற் குருதி வடிக்கப்படவேண்டுமாயின் நோயாளி நான்கு நாளும் உயிரோடிருந்திருத்தல் வேண்டும். மூன்றாம் நாளில் இறந்தவன் பிந்திய வகுப்பில் இடம்பெறவே இயலாது. ஆகவே பிந்திய வகுப்பார் முன்னரே ஒரு கண்டத்தைத் தாண்டியவர்கள். அவர்களிடத்து மரணம் குறைந்திருந்தமைக்குச் சிகிச்சையின் காலம் மட்டுமன்றி இதுவும் காரணமாகலாம். குருதி வடித்தலின் பயன் மிகக் குறுகியதென்ற லூயியின் முடிவு சரியானதே. அதனை அவர் நிறுவிய வழியிலேதான் இக்குழி இருந்தது. இன்றைய இருதயப் பட ஆராய்ச்சியிலும் இதே குழி திறந்தபடியே கிடக்கின்றது. வந்த இரண்டாம் நாளிற் படம் எடுக்கப்பட்டவர் என்றால், அவர் இரண்டாம் நாள்வரை உயிர் வாழ்ந்தவர் என்பதே முதற் பொருள். படம் எடுத்தோரையும் எடாதோரையும் வெறுமனே எண்ணி ஒப்பிடுபவர், படம் உயிரைக் காத்தது என்று எழுதிவிடுவர். உண்மையில், உயிர் இருந்ததனாலேயே படம் எடுக்கப்பட்டது.

வகுக்கும் எண் எது என்பதைக் கவனியாதவர் எவ்வளவு பெரியவராயினும் தடுக்கி விழுவர் என்பதற்கு அடுத்த சான்று இங்கிலாந்திலிருந்து கிடைக்கின்றது. கிரைமியப் போரின்பின் புகழ்பெற்ற புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார், வைத்தியசாலைகள் யாவும் ஒரே மாதிரிப் படிவங்களில் நோயையும் முடிவையும் பதிதல் வேண்டும் என்று 1860 ஆம் ஆண்டில் இலண்டனிற் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மகாநாட்டின் முன் திட்டம் வைத்தார். போற்றத்தக்க முயற்சி. ஆனால் 1863 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது வைத்தியசாலைகள் பற்றிய நூலின் மூன்றாம் பதிப்பிலே ஓர் அட்டவணை காணப்படுகின்றது. 1861 ஆம் ஆண்டு ஏப்பிரில் 8 ஆந் திகதி இலண்டனின் 24 வைத்தியசாலைகளில் இருந்தோர் 4,214 பேர். அவ்வைத்தியசாலைகளில் நிகழ்ந்த மரணம் 3,828. ஆதலின் மரண வீதம் நூற்றுக்கு 90.84 என்பது அது. புள்ளிவிபர அறிஞரான வில்லியம் பார் என்பவரின் கணக்கை ஒட்டியது அவ்வட்டவணை. வைத்தியசாலைக்குப் போனவருட் பத்துக்கு ஒன்பது பேர் திரும்பவில்லை என்று பொதுமக்கள் எண்ணும்படி அது அமைந்தது. வைத்தியப் பத்திரிகைகள் சீறி எழுந்தன. ஒரு நாளிற் கட்டிலில் இருந்தோர் தொகையைக் கொண்டு ஓராண்டு மரணத்தை வகுத்தமையே கோளாறு. ஒரு கட்டிலில் ஓராண்டிற் பலர் படுத்து எழும்புவர். அவர்களெல்லாரும் கணக்கில் வரவில்லை. ஒரு கட்டிலுக்கு ஆண்டில் எத்தனை மரணம் என்று கூறியிருந்தால் அவ்வெண் பிழையன்று. அம்மையாரின் சீர்திருத்த நோக்கம் அதனாற் குன்றவில்லை என்பதும் உண்மையே.

கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே கொட்மன் என்னும் சத்திரவைத்தியர் மற்றொரு குறையைக் கண்டார். றொஞ்சன் 1895 ஆம் ஆண்டிற் கண்டுபிடித்த ஊடுகதிரை அந்நகரில் முதன்முதலிற் கையாண்டோருள் அவரும் ஒருவர். ஆகவே படம் பிடிப்போர் வரலாற்றிலும் பதிவேட்டு வரலாற்றிலும் அவருக்கு இடமுண்டு. நோயாளி வாயிலைக் கடந்து வெளியேறியதும் வைத்தியசாலை அவனை மறந்துவிடுகின்றது. எடுத்த படமும் செய்த சத்திரமும் ஓராண்டின்பின் அவனுக்கு என்ன தந்தன என்று எவரும் கேட்பதில்லை என்று அவர் குறைப்பட்டார். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வைத்து, ஓராண்டின் பின் முடிவை விசாரித்து எழுதவேண்டும் என்பது அவர் கொள்கை. 1911 ஆம் ஆண்டில் தமக்கெனச் சிறிய வைத்தியசாலையொன்றைத் தொடங்கி, 1916 வரையில் அங்கு சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேரின் முடிவுகளையும், தாம் கண்ட 123 தவறுகளையும் அச்சிட்டு வெளியிட்டார். தமது தவறுகளை எண்ணி அச்சேற்றிய வைத்தியரைச் சக வைத்தியர்கள் விரும்பினர் என்று யாரும் எதிர்பாரார். 1914 ஆம் ஆண்டிலேயே அவர் மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலைப் பதவியைத் துறந்திருந்தார்.

பதிவேட்டின் அகத்தே உள்ள மயக்கம் முதன்முறையாகக் கணித முறையில் விளக்கப்பட்டது 1946 ஆம் ஆண்டில். மேயோ சிகிச்சைநிலையத்துப் புள்ளிவிபரவியலாளர் பேர்க்சன் எழுதிய சிறு கட்டுரையின் பொருள் இது: நீரிழிவும் பித்தப்பை அழற்சியும் ஊரிலே ஒன்றோடொன்று தொடர்பற்றிருப்பினும், இரண்டும் உள்ளவன் வைத்தியசாலைக்கு வருதற்கு இரு காரணம் இருப்பதால், வைத்தியசாலைப் பதிவில் அவை தொடர்புடையனபோலத் தோன்றும். அஃதாவது, வாயிற்படியே ஒரு சல்லடை. அதற்குள் வீழ்ந்தவற்றைக் கொண்டு வெளியுலகை அளப்பவன் சல்லடைக் கண்ணின் அளவையும் அறிந்திருத்தல் வேண்டும். அதே ஆண்டிலே டன் என்பவர், ஒருவனுடைய பிறப்பு முதல் இறப்பு வரை வெவ்வேறு காரியாலயங்களிற் சிதறிக்கிடக்கும் பதிவுகளை ஒன்றாகக் கட்டும் வழியைப் பற்றி எழுதினார். 1959 ஆம் ஆண்டில் நியூகொம் என்பவர் கனடாவிலே கணினியைக் கொண்டு அதனைச் செய்து காட்டினார். ஒருவர் பதிவு ஏமாற்றும் வகையைக் காட்ட, மற்றையோர் பதிவுகளை இணைத்துப் பெருக்கும் வகையைக் காட்டினர். பின்வந்தோர் இரண்டாவதை விரைந்து கற்றனர் என்றும் முதலாவதை மெதுவாகவே கற்றனர் என்றும் கூறுதல் மிகையன்று.

பேர்க்சன் கூறிய மயக்கத்துக்கு நேரான மருந்தொன்று அக்காலத்திலே பிறந்தது. 1948 ஆம் ஆண்டிற் பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிச் சபை வெளியிட்ட ஸ்ரெப்ரோமைசின் பரிசோதனையில், எந்தக் காசநோயாளிக்குப் புது மருந்து கொடுப்பது என்பதை வைத்தியர் தீர்மானிக்கவில்லை. பிரட்போட் ஹில் என்னும் அறிஞர் வகுத்த எழுமாற்று எண்கள் தீர்மானித்தன. நம் கோயில்களிலே திருவுளச்சீட்டு எடுப்பது போன்றது அம்முறை. வைத்தியனுடைய தெரிவு அகன்றபின் இரு கூட்டத்தாரும் மற்றெல்லா வகையாலும் சராசரியில் ஒத்திருப்பர். எஞ்சும் வேற்றுமை மருந்தினுடையதே.

இனிப் படத்தின் கதைக்கு வருவாம். றொஞ்சனின் கதிர் இருதயத்தின் நிழலை மட்டுமே காட்டியது. 1929 ஆம் ஆண்டில் யேர்மனியின் எபர்ஸ்வால்ட் நகர வைத்தியசாலையிலே போர்ஸ்மன் என்னும் இளம் வைத்தியர் தமது கைநாளத்தின் வழியாக மெல்லிய குழாயொன்றை இருதயம் வரையிற் செலுத்தி, ஊடுகதிர் அறைக்கு நடந்து சென்று படம் எடுத்துக்கொண்டார். அந்தத் துணிவுக்கு 1956 ஆம் ஆண்டில் நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது. 1953 ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் எட்லர், ஹேர்ட்ஸ் என்னும் இருவர், உலோகத்திற் கீறல் உண்டோவெனச் சோதிக்கும் ஒலியலைக் கருவியை நெஞ்சின்மேல் வைத்து இருதயத்தின் அசைவைப் பதிந்தனர்; இன்று எக்கோ என்று நோயாளரும் அறிந்த பரிசோதனை அதுவே. 1958 ஆம் ஆண்டிற் கிளீவ்லாந்து நகரின் சோன்ஸ் என்பவர் இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் முடிநாடிகளைத் தனித்தனியே படமாக்கினார். 1971 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டின் சீ.ரீ. கருவி முதல் நோயாளியின் மூளையைக் காட்டியது. மூளை அசையாது கிடக்கும். இருதயம் ஓயாது துடிக்கும். ஆகவே அக்கருவி குழாயின்றி முடிநாடிகளைத் தெளிவாகக் காட்டும் வேகத்தை அடைய மேலும் முப்பது ஆண்டுக்கு மேற் சென்றது.

அக்கருவி அவசர சிகிச்சைப் பிரிவின் அடுத்த அறைக்கு வந்தபோதே வினா கூர்மை பெற்றது. நெஞ்சு நோவென்று வருவோரிற் பெரும்பாலார்க்கு மாரடைப்பு இல்லை. ஈ.சீ.ஜீ. பதிவும், இருதயத் தசை சிதைவதை இரத்தத்திற் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனையும் பலரைப் பிரித்துவிடும். எஞ்சுவோர் நடுவிலே நிற்பவர். அவரைத் தவறாக வீட்டுக்கு அனுப்பினால் வழியிலே உயிர் போகலாம். வீணாகப் படம் எடுத்தாற் கதிரின் தீங்கும், சாயமருந்தாற் சிறுநீரகத்துக்கு வரும் இடரும், படத்திற் கண்ட சிறு ஒடுக்கத்துக்காகக் குழாய் செலுத்துதலும் தொடரும். எந்தப் பக்கம் பிழைத்தாலும் பிழை மனிதனுடைய உடம்பிலேயே விழுகின்றது.

பதிவேட்டை விரித்தாற் படம் எடுத்தோர் பெயரும் எடாதோர் பெயரும் இலட்சக்கணக்கிற் கிடைக்கும். நோய்க்குறியீட்டு அட்டவணையில் மாரடைப்புக்கு ஐ-21 என்றும், தொண்டை நோவும் நெஞ்சு நோவும் சேர்ந்த வகுப்புக்கு ஆர்-07 என்றும் எழுதியிருக்கும். ஆயின் ஏன் இவருக்குப் படம், ஏன் அவருக்கு இல்லை என்பது எழுதப்பட்டிராது. நோயாளியின் வியர்வையையும் முகத்தின் வெளிறலையும் கண்டு வைத்தியர் ஐயுற்றிருப்பர். அந்த ஐயத்துக்குக் குறியீட்டெண் இல்லை. ஐயம் மிக்கவர் படத்துக்கு அனுப்பப்படுவர். அவர்களிடையே மாரடைப்பும் கூடும். அப்படியாயிற் படமே மாரடைப்பை வருவித்தது என்றும் பதிவேடு சொல்லும். மிகவும் தளர்ந்த முதியவர் படத்துக்கு அனுப்பப்படாது இறப்பர். அப்படியாயிற் படம் உயிர் காத்தது என்றும் அதே பதிவேடு சொல்லும். நோயைப் பற்றிய சான்றென்று நாம் எடுத்துப் படிப்பது பெரிதும் வைத்தியரின் தெரிவைப் பற்றிய சான்று. ஆதலின், அத்தெரிவு வாய்மூடி நின்ற இடத்தைத் தேடிக் காண்பதே ஆராய்ச்சியாளனுக்கு உள்ள வழி.

அத்தகைய இடமொன்றை அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் நாட்காட்டியிலே கண்டனர். சனி ஞாயிறுகளில் இருதயப் பரிசோதனைக்கூடங்களில் ஆட்கள் குறைவு. ஆகவே அந்நாட்களில் வருவோர்க்கு, நோய் ஒன்றாயினும், பரிசோதனை குறைவாகவே செய்யப்படும். 2017 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது ஆய்வு, தனியார் காப்புறுதி பெற்ற 926,633 பேரின் பதிவுகளைக் கொண்டது. வாரநாளில் வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேருக்கும், வார இறுதியில் வந்தோருள் 12 பேருக்கும் இரு நாளுட் பரிசோதனை நடந்தது. நாளொன்றே திருவுளச்சீட்டாக நின்றது. கிடைத்த விடை: பரிசோதிக்கப்பட்ட ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 36 பேர் கூடுதலாகக் குழாய்வழிப் படத்துக்கும், 23 பேர் கூடுதலாக நாடியைத் திறக்கும் சிகிச்சைக்கும் உட்பட்டனர், ஓராண்டில் மாரடைப்பால் அனுமதிக்கப்பட்டோர் தொகை குறைந்ததாகக் காணப்படவில்லை. இதிற் குறையில்லை என்று கூறமாட்டோம். சனிக்கிழமை வரும் நோவைத் திங்கள் வரை பொறுத்துக்கொள்வோரும் உளர். காப்புறுதியற்ற ஏழைகளும், அறுபத்தைந்துக்கு மேற்பட்ட முதியோரும் இக்கணக்கில் இல்லை. ஆயினும் பணம் பெறுவதற்கென எழுதப்பட்ட சிட்டையிலிருந்து இவ்வளவு நேர்மையான விடையை வாங்கியமை வியக்கத்தக்கதே.

இவ்விடை சீ.ரீ. படத்தை மட்டும் பற்றியதன்று. எல்லா வகைப் பரிசோதனையையும் ஒன்றாகச் சேர்த்தது. சீ.ரீ. படத்தைத் தனியே, உண்மையான எழுமாற்று முறையிற் சோதித்த அமெரிக்க ஆய்வொன்று 2012 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒன்பது வைத்தியசாலைகளில் ஈ.சீ.ஜீ.யிலும் முதல் ட்ரோபோனினிலும் பழுது காணப்படாத 1,000 பேர் அதிற் சேர்ந்தனர். படம் எடுத்தோர் சராசரி 7.6 மணித்தியாலம் முந்தி வீடு சென்றனர். நூற்றுக்கு 47 பேர் அவசரப் பிரிவிலிருந்தே நேரே வீடு திரும்பினர். மற்றைப் பிரிவில் 12 பேரே அவ்வாறு திரும்பினர். நெருக்கடிமிக்க வைத்தியசாலைக்கு அது சிறு நன்மையன்று. ஆனால் பின்தொடர்ந்த பரிசோதனைகளும் உடம்பேற்ற கதிரும் கூடின.

பதிவேட்டையும் திருவுளச்சீட்டையும் ஒன்றாகப் பிணைத்தவர் ஸ்கொட்லாந்தினர். அங்கே ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கச் சுகாதார எண் ஒன்றுண்டு. அதன் முதல் ஆறு இலக்கமும் பிறந்த திகதி. அவ்வெண்ணாலே வைத்தியசாலை அனுமதியும் மரணப் பதிவும் இணைக்கப்படுகின்றன. 2010 முதல் 2014 வரை பன்னிரண்டு இருதயச் சிகிச்சை நிலையங்களின் வெளிநோயாளர் பிரிவுகளுக்கு நெஞ்சு நோவோடு வந்த 4,146 பேரை எழுமாற்றாகப் பிரித்து, ஒரு பாதியார்க்கு வழக்கமான பரிசோதனைகளோடு சீ.ரீ. படமும் எடுத்தனர். அதன்பின் அவர்களை ஆராய்ச்சிக்கென ஒருமுறையேனும் திரும்ப அழைக்கவில்லை. நாட்டின் வழக்கமான பதிவுகளே அவர்களைப் பின்தொடர்ந்தன. கொட்மன் அட்டை வைத்துத் தேடிய முடிவு இங்கே தானாகவே எழுதப்பட்டு வந்தது. ஐந்தாண்டின் பின், இருதய நோயால் இறந்தோரும் மாரடைப்புற்றோரும் படம் எடுத்தோரில் நூற்றுக்கு 2.3, எடாதோரில் 3.9. பத்தாண்டுக் கணக்கு 2025 ஆம் ஆண்டில் வெளிவந்தது: 6.6 உம் 8.2 உம். படத்திலே கொழுப்புப் படிவைக் கண்ட வைத்தியர்கள் தடுப்பு மருந்தை உரியவர்க்குக் கொடுத்தமையே காரணம் என்று கருதப்படுகின்றது.

வெளிநோயாளரிடத்துக் கண்ட இந்நன்மை அவசர நோயாளரிடத்தும் உண்டோ என்பதை அறிய, எடின்பரோ நகரத்தாரின் தலைமையில் ஐக்கிய இராச்சியத்தின் 37 வைத்தியசாலைகளிலே 2015 முதல் 2019 வரை 1,748 பேரைக் கொண்டு மற்றொரு பரிசோதனை நடைபெற்றது. முன்னமே இருதய நோய் இருந்தோர், ஈ.சீ.ஜீ.யிற் பழுதுடையோர், ட்ரோபோனின் உயர்ந்தோர் ஆகியோரே சேர்க்கப்பட்டனர். முடிவு 2021 ஆம் ஆண்டில் வந்தது. ஓராண்டுள் இறந்தோரும் மாரடைப்புற்றோரும் முந்திப் படம் எடுத்தோரில் நூற்றுக்கு 5.8, மற்றையோரில் 6.1. வேற்றுமை இல்லை என்றே கொள்ளவேண்டும். குழாய்வழிப் படம் மட்டும் 60.8 இலிருந்து 54.0 ஆகக் குறைந்தது. இவர்களுக்குச் சீ.ரீ. படம் வருமுன்னரே ஈ.சீ.ஜீ.யும் ட்ரோபோனினும் நோயை அறிவித்துவிட்டன, மருந்தும் தொடங்கிவிட்டது. படம் புதிதாக மாற்றக்கூடியதாக அங்கே எஞ்சியிருந்தது சிறிதே. அமெரிக்காவிலே நோயாளரை முந்தி வீட்டுக்கு அனுப்பிய அதே கருவி இங்கே அதனையும் செய்யவில்லை. படம் எடுத்தோர் வைத்தியசாலையில் 2.2 நாளும் மற்றையோர் 2.0 நாளும் தங்கினர். கருவிக்காகக் காத்திருந்த நேரமும் அதனுள் அடங்கும் எனக் கருதலாம்.